பத்தொன்பதும் இரண்டும்

அதிகாலை மூன்றே முக்காலுக்கு உப்பு லாரியை எடுக்கிறேன்.
கவுன்சில் வேலை. பனிக்காலம் முழுக்க
வேல்ஸ் மலைச்சாலைக்கு உப்பிடுவது என் பிழைப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
வழுக்காமல் போனவருக்கு
வழுக்காதது தெரிவதில்லை.

மேட்டுச்சாலை ஏழு மைல்.
அந்தப் பக்கம் இறங்கினால் பென்வெர்ன் பள்ளி:
இரண்டு அறை, பத்தொன்பது பிள்ளைகள்.
இந்தப் பக்கம் நகரப் பள்ளி:
நானூற்று முப்பத்தொரு பிள்ளைகள்,
நீச்சல் பாடம், இரண்டு கால்பந்து அணி,
வாசலில் தினமும் கார் நிறுத்தும் தகராறு.
அந்த ஒன்றும் அதற்கு முந்தியதும்
என் பிள்ளைகள்.

போன மாதம் பெற்றோர் சந்திப்பு.
இத்தெலின் ஆசிரியை ஐந்து நிமிடம் பேசினாள்.
நன்றாகப் பாடுகிறானாம்,
பக்கத்துப் பையனோடு அரட்டையைக் குறைக்க வேண்டுமாம்.
நன்றி சொல்லி எழுந்தோம்.
கதவைத் தாண்டிய பிறகுதான் ஹெலெத் சொன்னாள்:
"அது நம்ம பையன் இல்ல."
நம்ம பையன் செப்டம்பரிலிருந்து
வகுப்பில் வாயே திறந்ததில்லை.
திரும்பிப் பார்த்தேன்,
அடுத்த பெற்றோர் உட்கார்ந்தாகிவிட்டது.
ஆசிரியை மேல் கோபம் வரவில்லை.
அவள் மேசையில் ஒரு கடி கடித்த சாண்ட்விச் இருந்தது,
மதியம் கடித்ததாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பென்வெர்ன் போனோம்.
கையில் குறடோடு பியூ டீச்சரே கதவைத் திறந்தாள்,
ஹீட்டர் ஒழுகுகிறதாம்.
பெரிய வகுப்பு என்பது பதினொரு பேர்.
அக்கா பின்னம் போட்டுக்கொண்டிருக்க
அதே மேசையில் தம்பி
எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்.
கோட்டு மாட்ட இருபத்தெட்டு கொக்கிகள்.
ஒன்பது காலி.
காலிக் கொக்கி ஒன்றின் கீழே
பெயர்ச்சீட்டு உரித்த பசை.
இத்தெல் அதை விரலால் தேய்த்தான், பிறகு
"இது யாரோடது?" என்றான்.
அந்நியர் ஒருவரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.
ஹெலெத் என்னைப் பார்த்தாள்.
நான் ஹீட்டரைப் பார்த்தேன்.
"ஓவைனோடது. லிவர்பூல் போய்ட்டான்,"
டீச்சர் அவன் உயரத்துக்குக் குனியாமல் சொன்னாள்,
ஒரு பெரிய மனிதனுக்குச் சொல்வதுபோல்.

நெஸ்ட் காரைவிட்டு இறங்கவே இல்லை.
ஒன்பது வயது, அணியின் கோல்கீப்பர்.
"நான் கோல்ல நிப்பேன். பந்தை அடிக்கிறது யாரு,
அந்தக் குட்டிப் பிள்ளைகளா?" என்றாள்.
பிறகு, கண்ணாடியில் மூச்சுவிட்டு,
"அவன் பேசலன்னா நான் ஏன் போகணும்?"
நியாயம்தான்.
நியாயத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

கிளம்பும்போது பியூ டீச்சர் கெஞ்சவில்லை.
"ஜனவரியில் தலை எண்ணுவார்கள்," என்றாள்.
"இருபதுக்குக் குறைந்தால்
மூடுவதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்."
பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் போனோம்,
பள்ளி எங்களை எண்ணிக்கொண்டிருந்தது.
மூடப்போகிறவர்கள்
எனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள்.
மூடிவிட்டால் மேட்டுச்சாலை
என் உப்புப் பட்டியலிலிருந்தும் போகும்.

இரவு ஹெலெத் மின்கட்டண உறையின் பின்புறம்
நடுவில் கோடு கிழித்தாள்.
சின்னது என்ற பக்கத்தில்
மூச்சுவிடாமல் எட்டு வரி.
ஆறாவது: 'பெயர் மாறாது.'
பெரியது என்ற பக்கத்தில்
'நெஸ்ட்' என்று மட்டும் எழுதினாள்.
எடைபோட்டால் இரண்டும் சரியாக இருந்தது.

அவனை மட்டும் அனுப்பினால்? என்றேன்.
இருபது. கோட்டின் மேலேயே நிற்கும்.
ஒரு கார், இரண்டு பள்ளி,
இரண்டிலும் ஒன்பது மணிக்கு மணி.
நீ தூங்குவது எப்போது? என்றாள்.
மாடிப்படியில் ஏதோ அசைந்தது.
"அங்க சுவர் இருக்கா," நெஸ்டின் குரல்,
"பந்து அடிச்சா திரும்பி வர்ற மாதிரி?"
இருக்கிறது என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்,
சற்று வேகமாகவே.
அவள் மேலே போய்விட்டாள்.
சம்மதமா, சும்மா கேட்டதா,
நாங்கள் கேட்கவில்லை.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போகவேண்டும்.
இன்று வியாழன், கறுப்புப் பனி.
பென்வெர்னில் லாரி திரும்பும் இடத்தில்
பள்ளி முற்றத்துக்கும் சேர்த்து
அரை நிமிடம் நெம்புகோலைப் பிடித்திருந்தேன்.
கணக்கில் வராத உப்பு.
பிறகு என்ஜினை அணைத்து,
ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்து,
இத்தெல் என்று முழுதாக எழுதினேன்.
அடுத்த வரியில் 'நெ' போட்டதும்
பேனா குளிரில் நின்றுவிட்டது.
உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.