இரண்டு மணிக் கட்டம்

அந்தத் தாளில் இரவு இரண்டு மணிக் கட்டத்தில்
டிக் போட்டது நான்தான்.
திருப்பிப் படுக்கவைக்கவில்லை.

எண்பத்திரண்டு கிலோ அடைக்கலம்.
நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி நான்.
மூச்சுத் திணறிய பதினாறாம் கட்டிலை விட்டு
வந்து பார்த்தபோது மூன்றே கால்.
பேனா கையில் இருந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிக்கொண்டிருந்த வீட்டில்
சாரத்தோடு சரிந்தவன்.
இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்பதில்லை.
வலிக்காத இடத்தில்
வலிக்காமலே வந்தது புண்.

முதலில் கண்டுபிடித்தது சோலையம்மா,
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு:
"சிஸ்டர், இந்தக் கட்டில்ல வாடை
வேற மாதிரி வருது."

புரட்டினோம்.
வால் எலும்பின் மேல்
ஐந்து ரூபாய்க் காசு அகலம் கருப்பு.
சுற்றிலும், விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு.

காலை ரவுண்டில் டாக்டர் வைரவன் தாளை வாங்கினார்.
ஒரு கட்டம்கூடக் காலியில்லை.
"அப்புறம் எப்படி?"
யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

சொல்லிவிட்டேன்.
"முந்தாநாள் ரெண்டு மணி பொய் சார்."

மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.
பிறகு என் பின்னாலிருந்து ஜெபமாலை:
"திங்கக்கிழமை பன்னெண்டும்."
கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே
பிசியோ ஹசீனா:
"வியாழன் நான் வரல. வந்ததா எழுதினேன்."
டாக்டர் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.
"ஒம்பது நாளா நான் அவன் முதுகைப் பாக்கல" என்றார்.

அடைக்கலம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
யாரோ ஒருவனின் வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களைப் போல.

புதிய தாளில் இடது வலது கிடையாது.
ஜன்னல் பக்கம். கதவுப் பக்கம்.
மல்லாக்க என்ற சொல்லையே எடுத்துவிட்டோம்.
ஜன்னலில் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை,
கதவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மீனாள்.
கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து
குதிகாலைக் காற்றில் நிறுத்த
ஹசீனாவிடம் கற்றுக்கொண்டவள் அவள்தான்.
இப்போது எனக்கே திருத்தம் சொல்கிறாள்.

இரண்டு மிஸ்டு கால் கொடுத்தால்
லிப்ட் ராவுத்தர் வருவார்.
கேட்டிலிருந்து வாட்ச்மேன், விசிலோடு.
சோலையம்மா நான்காவது முனை.
போர்வையை இழுக்காதீங்க, தூக்குங்க,
இழுத்தா தோல் வரும் என்று நான்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்கள்.

சமையல்கட்டில் பஞ்சவர்ணம்
தினமும் நான்கு முட்டை அதிகம் எழுத
கையெழுத்துக்கு மூன்று நாள் அலைந்தாள்.
வெள்ளைக் கருவைப் பார்த்து அடைக்கலம் சிரித்தான்:
"சுண்ணாம்புல இதைக் கலந்து
எத்தனை சுவத்தைக் கண்ணாடியாத் தேச்சிருக்கேன்.
இப்ப எனக்கு உள்பூச்சா?"

கருப்பை வெட்டி எடுத்ததும்
புண் பெரிதாகத்தான் ஆனது.
ஆறுக்கு ஐந்து சென்டிமீட்டர்,
ஆழம் என் சுண்டுவிரலின் முதல் கணு.
அன்று மீனாள் சாப்பிடவில்லை.
பாதி ராத்திரி கரண்ட் போய்
காற்று மெத்தை தட்டையானது ஒருநாள்,
ஜெனரேட்டர் வரும்வரை
ராவுத்தரும் நானும் மாறி மாறி
அவன் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்திருந்தோம்.

ஐந்தாம் வாரம்.
கட்டு மாற்றும்போது ஓரத்தில்
மாதுளை முத்து மாதிரி நாலைந்து.
ஜெபமாலை டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தாள்.
யாரும் சத்தமாக எதுவும் சொல்லவில்லை,
கண்பட்டுவிடும் என்பது போல.

இன்னும் மூடவில்லை. நாலுக்கு மூன்று.

நேற்று இரண்டு மணிக்கு
ராவுத்தர் ஊரில் இல்லை, வாட்ச்மேன் எடுக்கவில்லை,
சோலையம்மாவுக்குக் காய்ச்சல்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
எழுதாத அந்த வெள்ளையைப் பார்க்கக் கூசியது.

இரண்டே முக்காலுக்குப் பக்கத்து வார்டிலிருந்து
ஊசி கடன் கேட்க வந்த ஜெபமாலை
தாளைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
மீனாளை எழுப்பினாள்,
போர்வையின் ஒரு முனையைச் சுருட்டிப் பிடித்தபடி கேட்டாள்:
"எந்தப் பக்கம்? ஜன்னலா?"