பதினோராம் பாடம்

மூஞ்சிக்கல் இறக்கத்தில்
பேக்கரிக்கு மேல் மாடி.
பன் வேகிற வாசனையில் உட்கார்ந்து
நாற்பது மணி நேரத்தைக் கட்டம் போட்டுப் பிரிக்கிறேன்.
முதல் நாள், பெயர் சொல்லுதல்.
இரண்டாம் நாள், வழி கேட்டல்:
ஏரிக்கு எப்படிப் போக வேண்டும்?
ஏரிக்கரையில் இருபது வருஷமாய்ச்
சோளம் சுடுகிற அருளாயிக்கு இது.

அழிக்கிறேன்.

சேரும்போதே கேட்டிருந்தேன்,
இங்கிலீஷில் எதைச் சொல்லணும் உங்களுக்கு என்று.
ஜீப் ஓட்டும் சவரியப்பன்:
‘டீசல் ஏறிப்போச்சு சார், கட்டாது.’
அருளாயி: ‘காரம் தூக்கலாப் போடவா?’
லாட்ஜில் அறை கூட்டும் பாண்டீஸ்வரி
எல்லோரும் போகும்வரை நின்று,
ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு:
‘நான் எடுக்கல.’

எதை என்று நான் கேட்கவில்லை.

இறந்தகாலம், எதிர்மறை.
புத்தகத்தில் பதினோராம் பாடம்.
அதுவரை அவள்
பேனா மேஜைமேல் இருக்கிறது,
பூனை மேஜைக்கடியில் இருக்கிறது
என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

கீழே அடுப்பு அணைந்துவிட்டது.
ஜன்னல் கண்ணாடி முழுக்க மஞ்சு.
முதல் கட்டத்தில்
அவள் வாக்கியத்தை எழுதுகிறேன்.
பக்கத்தில்: ஜோடியாகப் பயிற்சி,
ஒருவர் அவள்,
ஒருவர் மேனேஜர்.

மேனேஜராக யார் என்பது மட்டும்
இன்னும் காலிக் கட்டம்.