இரண்டு கிலோ முந்நூறு

முனிச்சாலை லேத்தில்
ஃப்ளைவீலைத் தராசில் வைத்தார் ஜபருல்லா.
ஆறு கிலோ நானூறு.
"எவ்வளவு எடுக்கணும்?"
"தாங்குற மட்டும்."
"அத இரும்புகிட்டதான் கேக்கணும்"
என்றபடி சக்கில் பூட்டினார்.

வார்ப்பிரும்பு சுருள்வதில்லை.
கருந்தூளாய் உதிர்ந்தது
தரையில், டீ கிளாஸில், என் சட்டைப்பையில்.
நடுவில் கரண்டு போனது.
மோட்டார் அடங்கியும்
சக் சுற்றிக்கொண்டே இருந்தது
கொஞ்ச நேரம்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிஞ்சியது நாலு கிலோ நூறு.
பேலன்ஸ் பார்க்கக் கோயம்புத்தூர் பஸ்ஸில்
மடியில் வைத்துப் போனேன்.
லக்கேஜ் டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
எடை குறைத்தது என்று சொல்லிப் பார்த்தேன்.

ராத்திரி ரிங் ரோட்டில்
பழைய ஜென்னுக்குப் புதுத் தொண்டை.
கட்டைவிரல் நினைப்பதற்குள்
ஊசி நாலாயிரம் தொடும்;
காலை எடுத்தால்
கிணற்றில் போட்ட கல்.
கப்பலூர் வரை
தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

காலையில் ஓட்டியவள் அமலி.
கோரிப்பாளையம் சிக்னலில் அணைந்தது.
திரும்பவும் அணைந்தது.
பின்னால் திருமங்கலம் பஸ்
ஹாரனிலேயே ஏறி வந்தது.

"என்னத்த எடுத்த இதுலருந்து?"
இரண்டு கிலோ முந்நூறு என்றேன்.
"முன்னெல்லாம் கிளட்ச்ச
கொஞ்சம் முன்னப்பின்ன விட்டாலும்
பொறுத்துக்கும்.
அந்தப் பொறுமையத்தான் சீவிட்டியா?"

பச்சை, இன்னும் ஒன்பது நொடி.
சாவியைத் திருப்புகிறாள்.
தொட்டதும் அலறுகிறது என் என்ஜின்,
யாரோ கிள்ளியது போல.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
இடது காலை மட்டும்
மெல்ல,
மிக மெல்ல எடுக்கிறாள்.