கம்பி எண் இருநூற்றுப் பன்னிரண்டு

செவ்வாய்க்கிழமை மைதானத்தில்
கடற்காகங்களும் நானும்தான்.
ஹம்பர் முகத்துவாரத்திலிருந்து வரும் காற்று
கோல் வலையை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

என் வேலை தள்ளுவது.
வரிசைக்கு வரிசை இடுப்பளவுக் கம்பி,
ஒவ்வொன்றின் முதுகிலும்
மடித்துப் பூட்டிய ஓர் இருக்கை.
ஜாக்கியை அண்டக்கொடுத்து
ஒரு வரிசையே சாய்ந்தால் எவ்வளவோ
அவ்வளவு தள்ளுகிறேன்.
முள் ஏறும். ஐந்து நிமிடம் நிற்கும்.
எழுதிக்கொள்வேன்.
வளைந்தது: மூன்று மில்லிமீட்டர்.
விட்டதும் திரும்பியது: மூன்று.
கம்பிக்கு ஞாபகம் இருக்கக் கூடாது,
அதுதான் தேர்ச்சி.

நூற்றெண்பதாவதில் இருந்தபோது
டிக்கெட் கவுண்டர் வினி ஹெஸ்கெத்
சாவிக்கொத்தோடு வந்து நின்றாள்.
முப்பத்தாறு வருடமாக இந்தப் பக்கத்துக்குச் சீட்டு விற்பவள்
ஆட்ட நாளில் ஒருமுறையும் உள்ளே வந்ததில்லை.
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் கேட்பதில்லை.

"தள்ளு" என்றாள்.
தள்ளினேன்.
"இன்னொரு தரம்."
அவள் முள்ளைப் பார்க்கவில்லை,
சிமென்ட்டில் கம்பியின் கால் இறங்கும் இடத்தையே பார்த்தாள்.
"முன்னால் வேலி இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே.
மூன்றாம் வாசலில் நான் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன்.
கிழிக்கக் கிழிக்க வந்துகொண்டே இருந்தார்கள்.
நிறுத்து என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை."

பெனால்டி புள்ளியில்
ஒரு கடற்காகம் எதையோ கொத்தியது.

"மூன்றாம் தரம்."
விதிப்படி ஒன்றே போதும்.
தள்ளினேன்.

சனிக்கிழமை.
வெங்காயம் வதங்கும் வாடை, நனைந்த கம்பளி,
வினிகர் சிந்திய காகிதம்.
இருக்கை முன்னால் எழுந்து நின்று
"உட்காருங்கள் சார், உட்காருங்கள்" என்று
பத்து வருடம் பேச்சு வாங்கிய நெவில் ஸ்பூனர்
இன்று சட்டப்படி நிற்கிறார்.
அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்,
"மீறுவதற்கு ஒன்றுமில்லையே!"
அவருக்கு அந்தப் பக்கம் ஹோடன்,
இரவுப் பணி முடித்து நேராக வந்த நர்ஸ்,
சீருடைமேல் கழுத்துத்துண்டு.
தூங்கப் போகவில்லையா என்றேன்.
"இங்கே நின்றால்தான் தூக்கம் தெளியும்."

கீழே எவனோ முரசைத் தட்டினான்.
பாட்டு காதுக்கு வருமுன்
கம்பி வழியாக வயிற்றில் ஏறியது.
வரி தெரியாதவர்களும் பாடினார்கள்,
நெவில் எப்போதும் ஒரு சொல் முந்தினார்.
ஆட்டம்? சுமார்தான்.
மழையில் பந்து சறுக்கியது, எங்கள் கோல்கீப்பரும்.

எண்பத்தொன்பதாம் நிமிடம் கார்னர்.
ஒரு தலை. வலை.
நின்றிருந்த அத்தனை பேரும்
ஒரே உடம்பாக முன்னால் சரிந்தோம்.
ஹோடனின் முழங்கை என் காதில்,
யாருடைய தேநீரோ என் முதுகில்,
என் இடுப்பில் வந்து முட்டி நின்றது
இருநூற்றுப் பன்னிரண்டு.
கத்த வேண்டிய நேரத்தில்
மில்லிமீட்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொடி உயர்ந்தது.
ஆஃப்சைடு.
அவரவர் இடத்துக்குத் திரும்பினோம், அவ்வளவும்.
லைன்ஸ்மேனின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை,
பிறகு அதே பாட்டு,
முதலில் முனகலாக, பிறகு முன்னைவிடப் பெரிதாக.

அப்போதுதான் திரும்பினேன்.
படிக்கட்டு வாயில்
கோட்டுப் பொத்தான் முழுக்கப் போட்டு
வினி ஹெஸ்கெத்.
ஒரு கை கடைசிக் கம்பியில்.
நுழையவில்லை, போகவுமில்லை.
பந்து எங்கே என்று அவளுக்குத் தெரியாது,
கண்கள் கம்பிகளின் கால்களில் இருந்தன.

உதடுகள் அசைந்தன.
பாடினாளா, எண்ணினாளா,
அந்தச் சத்தத்தில்
எனக்குக் கேட்கவில்லை.