இடது தோளுக்கு நான்கு விரல்

மின் கணக்கெடுக்கப் போகிறவள் பையில் என்ன இருக்கும்?
கைக்கருவி, அதன் சார்ஜர்,
இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, டார்ச்,
நாய்களுக்குப் பொறை நாலு.
ஐந்தரைக் கிலோ.
குடியாத்தத்தில் நாளொன்றுக்கு இருநூறு வீடு.

கடையில் வாங்கிய பை
இரண்டு தோளும் ஒன்றென்றே நம்புகிறது.
போன ஆடியில் எனக்கு இடது பக்கம் எடுத்துவிட்டார்கள்,
அக்குளிலிருந்து சில நெறிகளையும் சேர்த்து.
அந்தப் பக்கம் பாரம் கூடாது என்றார் டாக்டர்.
எந்தப் பக்கமானாலும் தூக்கு என்றது வேலை.

ஆகவே வேலூர் லாங் பஜாரில்
பக்கிளும் ஜிப்பும் நாடாவும் மட்டுமே விற்கிற
முனவ்வர் கடையில் நிற்கிறேன்.
அவர் எதையும் விளக்குவதில்லை.
நுனியை நறுக்கி லைட்டரில் காட்டுகிறார்.

பருத்தி, காகிதம்போல் எரிந்து சாம்பலானது.
தோளுக்கு இதம்தான்.
சித்திரை வியர்வையைக் குடித்து ஊதிப்போய்
பக்கிளுக்குள் நுழைய மறுக்கும்.
பாலிப்ரொப்பிலீன் சட்டென்று சுருண்டது.
மீட்டர் எட்டு ரூபாய், விளிம்பு அரிவாள்மணை.
"நம்மூரு வெயிலுக்கு ஒரு வருசம். அப்புறம் தவிடு."
நைலான் நுனி உருகி மணியாகத் திரண்டது.
"மழையில மட்டும் கொஞ்சம் நீளும்."
மழையா, என்றேன்.
இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தோலும் யோசித்தேன்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியிலிருந்து
நாத்தனார் ஜெயசீலி கழிவுத் துண்டுகள் கொடுத்திருந்தாள்.
நனைந்து காய்ந்தால் முறைத்துக்கொள்ளும் சாதி அது.
தைக்கும் இடத்துக்கு அடியில் ஒட்டுப்போட வைத்துக்கொண்டேன்.

காட்பாடி சாலைப் பழைய இரும்புக் கடையில்
நசுங்கிய கார் ஒன்றின் சீட் பெல்ட், அறுபது ரூபாய்.
வழவழப்பு.
யாரையாவது காப்பாற்றியதா என்று கேட்கவில்லை.

இரவு ஜன்னல் கம்பியில்
ஐந்தரைக் கிலோ பொன்னி அரிசியை இரண்டு மூட்டையாக,
ஒன்றை பெல்ட்டில், மற்றதை நைலானில் தொங்கவிட்டேன்.
பக்கிள் விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு.
விடிந்து பார்த்தால்
பெல்ட் மூன்று விரல் நழுவியிருந்தது.
நைலான் ஓர் அரிசி அளவு.

மறுபடி முனவ்வர் கடை.
பித்தளைப் பக்கிள் அழகு.
மதியம் இரண்டு மணிக்கு விலாவில் சூடு போடும்.
பிளாஸ்டிக்கில் ஏணி வகை,
உள்விளிம்பில் நகத்தை ஓட்டினால் பல் தட்ட வேண்டும்;
பல்லில்லாதவற்றை ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.
"இந்த செட்டோட மார்பு நாடா ஒண்ணு வரும்மா,
விசில் வெச்ச பக்கிள். காசு வேணாம்."
வேண்டாம்.
"ஓசிதானே."
வேண்டாம்.
"ரெண்டு பட்டையும் விலகாம பிடிச்சிக்கும்—"
நிறுத்தினார்.
குடையும் கைப்பையும் பில்லும் எல்லாமே
என் வலது கையில் இருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.
நாடாவைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டார்.
"இடது பட்டை எவ்வளவு கூட வேணும்?"
நான்கு விரலைக் காட்டினேன்.
ஆறு விரல் விட்டு வெட்டினார்.

பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்டு,
மூன்று முறை அதே வழியில் ஊசி ஓட்டி,
இடது பட்டைக்கு இரண்டு அங்குல அகலம், உள்ளே ஃபோம்.
வலதுக்கு அந்தச் சலுகை இல்லை.
வலது சுமக்கும்.

நடுப்பேட்டையில் ஒரு வீட்டுக்காரம்மா
"பை ஒரு பக்கமா எறங்கிருக்கே" என்று கை நீட்டுகிறாள்.
தெரியும் என்கிறேன்.
நான்கு, ஒன்று, ஏழு, பூஜ்யம், இரண்டு:
அவள் வீட்டு எண்ணைச் சத்தமாகப் படிக்கிறேன்.

மூன்று மணிக்கு மேல் இடது கை வீங்கும்.
கட்டைவிரலால் பக்கிளின் வாயைத் தூக்கினால்
அவர் கேட்காமல் விட்ட அந்த இரண்டு விரல்
மெல்ல இறங்குகிறது.