முள்கரண்டித் தடம்

கத்தானியாவில் இன்று நாற்பத்துமூன்று டிகிரி.
ஆப்பிரிக்காவில் கிளம்பிய காற்று
அத்தனை கடலைத் தாண்டியும் நனையாமல்
எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்துவிட்டது.
ஜன்னல் பலகைகளைச் சாத்தினேன்.
வீட்டுக்குள் நான்,
கறுப்பு முசுக்கட்டைப் பழம் ஒரு கிலோ,
அடுத்த அறையில் சிரினோ.

மூன்று நாளாய்ப் பேச்சில்லை.
அவன் தம்பிக்குக் கொடுத்த பணம்தான் காரணம்.
இல்லை, கொடுத்ததுகூட இல்லை.
கொடுத்துவிட்டு வந்து
மீன் இன்று என்ன விலை என்று
என்னிடம் சாதாரணமாகக் கேட்டானே, அது.

எரிமலைச் சரிவிலிருந்து பழம் கொண்டுவருகிறவன்
கையுறை போட்டுத்தான் அள்ளுவான்.
நான் போடுவதில்லை.
நாலு காம்பு கிள்ளுவதற்குள்
பத்து விரலும் கொலைகாரி விரல்.
பழுக்காத காயைத் தேய்த்தால் கறை போகுமாம்.
காயை யார் விற்கிறார்கள்?

தண்ணீர் முந்நூறு மில்லி.
சர்க்கரை இருநூறு கிராம்,
கரைந்தால் போதும், பாகு வேண்டாம்.
பழத்தை மசித்துத் துணியில் பிழிந்து ஊற்றி
பாதி எலுமிச்சை.
சர்க்கரையில் மட்டும் கை குறையக்கூடாது.
அது வெறும் ருசியில்லை:
தண்ணீரோடு தண்ணீர் இறுகக் கைகோத்துவிடாமல்
நடுவில் புகுந்து நிற்கிற ஆள்.
அது விலகினால் தட்டு முழுக்க ஒரே பாறை.

நான் குறைத்தேன்.
ஐம்பது கிராம்.
ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது.

பட்டாணிப் பையையும் வாள்மீன் துண்டையும் ஒதுக்கித்
தகரத் தட்டை உள்ளே தள்ளினேன்.
இனி அரை மணிக்கு ஒருமுறை
முள்கரண்டியால் சுரண்ட வேண்டும்.
கிரனீத்தா என்பது அவ்வளவுதான்,
உறைய விடுவது, உறைய விடாதிருப்பது.

முதல் அரை மணி: ஓரத்தில் மட்டும் கண்ணாடி.
இரண்டாவது: நடுவில் இன்னும் சாறு,
கரண்டி போகிற வழியெல்லாம்
மெல்லிய முறுமுறுப்பு.
மூன்றாவதற்காகக் காத்திருக்கையில்
சமையலறைத் தரை ஓடு ஒன்றுதான்
இந்த ஊரிலேயே குளிர்ந்த இடமென்று
கன்னத்தை வைத்தேன்.

விழித்தபோது மணி ஐந்தரை.
என் தலைக்கடியில் ஒரு துண்டு, நாலாக மடித்து.

போச்சு என்று எழுந்தேன்.
இந்நேரம் உளிதான் வேண்டியிருக்கும்.
கதவைத் திறந்து தட்டை இழுத்தால்
செக்கச்செவேலென்று பனித்தூள்,
உதிரி உதிரியாக.
நான் இடமிருந்து வலம் சுரண்டுகிறவள்.
இது மேலிருந்து கீழ்,
நேர்நேர் கோடு,
சாலையில் வண்டிக்கு வண்டி இடம் விட்டதுபோல.
பன்னிரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவனுக்கு
அரை மணி என்றால் என்னவென்று
கடிகாரம் சொல்ல வேண்டாம்.
என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறான், வந்திருக்கிறான்,
ஒவ்வொரு தடவையும்,
அந்தக் கனத்த பாதங்களை வைத்துக்கொண்டு.

தட்டின் மூலையில் மட்டும்
ஒரு சின்னப் பள்ளம். தேக்கரண்டி அளவு.
இரண்டு தேக்கரண்டி.

இரண்டு கண்ணாடிக் கோப்பை.
நேற்றைய பிரியோஷ், கொஞ்சம் காய்ந்தது,
இதற்கு அதுவே நல்லது.
அவன் சுவர்ப்பக்கம் திரும்பி
தூங்குவதுபோலக் கிடந்தான்.
கீழுதடு ஊதா.

முக்காலியில் வைத்தேன். கோப்பை தட்டிய சத்தம்.

"சர்க்கரை குறைவு"
என்றான், கண்ணைத் திறக்காமல்.

"தெரியும்."

"எவ்வளவு?"

"ஐம்பது."

கணக்குப் போடுகிறவன்போலக் கொஞ்ச நேரம்.
பிறகு எழுந்து உட்கார்ந்தான்.
அவன் என் விரல்களைப் பார்த்தான்,
நான் அவன் நாக்கை.
பணம் போன இடத்தில்தான் இருக்கிறது.
காற்றும் அடிக்கிற திசையில்தான் அடிக்கிறது.
அதையெல்லாம் பேசுவதற்கு
அப்போது நேரமில்லை,
கோப்பைகள் வேர்த்து வழிந்தன,
கரைவதற்குள் சாப்பிட வேண்டியிருந்தது.