தட்டு எண் நாற்பத்தொன்று

கார்னார்வன், வேல்ஸ், 1867

கண்ணாடி என் மேசைக்கு வரும்போது
கறுப்பு வெளுத்திருக்கும், வெளுப்பு கறுத்திருக்கும்.
பழகிவிட்டது. இந்த ஊர் வானம்
எனக்கு எப்போதும் தார் நிறம்தான்.

பன்னிரண்டு விநாடி மூடியைத் திறந்துவைத்தாராம்
ஹாஸ்கின் துரை.
மலை அசையவில்லை.
ஆட்கள் அசைந்தார்கள். அதுதான் புகார்.
"லோரி, குவாரி முழுக்கப் பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கிறது.
எடுத்துவிடு. கூடவே அந்தப் புகையையும்.
பிரபு வீட்டு வரவேற்பறைக்குப் போகிற படம்,
மழையே செதுக்கிய மலை போல இருக்கட்டும்."

புகைக்குச் செங்காவி.
தூரிகையை நாக்கில் நனைத்து
வானத்தின் ஓட்டையை அடைத்தேன்.
ஆட்களுக்குக் கத்தி.
வார்னிஷ் பூசுமுன் சுரண்டிவிட வேண்டும்,
அழுத்தினால் கண்ணாடி கீறும்,
பெருமூச்சு விட்டால் தூள் வானத்தில் ஒட்டும்.

அங்கே சிலேட்டை எண்ணுவது போல
மூன்று மூன்றாக எண்ணிச் சுரண்டினேன்.
அந்தக் கல்லுக்கெல்லாம் பெயர் உண்டு,
அளவைப் பொறுத்து டச்சஸ், கவுண்டஸ், லேடி.
ஒரு டச்சஸ் உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.
என் கூலியில் யாரும் பிடிக்கவில்லை.
மூன்று. ஆறு. ஒன்பது.
ஒன்பதாமவன் குனிந்திருந்தான், அல்லது
அது வெறும் தள்ளுவண்டி.
பத்தாவது ஒரு தொப்பி மட்டும்.
ஆள் எங்கோ நகர்ந்துவிட்டான், தொப்பி
சொன்னபடி அசையாமல் பாறைமேல் இருந்திருக்கிறது.
அதையும் எடுத்தேன்.

பதினொன்றாமவன் கயிற்றில்.
தொடையில் ஒரு சுற்று, கையில் கடப்பாரை,
ஆடிய ஆட்டத்தில்
ஓர் அரிசி நீளத்துக்கு மூட்டமாக விழுந்திருந்தான்.
என் தம்பி இத்தலும் அந்தக் குவாரிதான்.
ஆனால் வேறு அடுக்கு.
அப்படித்தான் சொன்னான்.

சுரண்டினேன்.

கயிற்றின் மேல்பாதி அசையவே இல்லை போலும்,
மயிரிழையாய், அத்தனை கூர்மையாய் விழுந்திருந்தது.
பாறையின் வெடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.
விளக்கில் எண்ணெயும் குறைந்துவிட்டது.
தட்டுக்கு நாலு பென்னி.

கணப்படுப்புக்கு மேலே மாட்டியிருப்பதாகக் கேள்வி.
விருந்தாளிகள் கோப்பையோடு எழுந்து வந்து
இயற்கையின் படிக்கட்டு என்கிறார்களாம்.
இடது ஓரத்தில், யாரும் கேட்காத அந்தக் கோடு.
வெறும் கயிறு என்றால் நெளியும்.
இது விறைத்து நிற்கிறது,
கீழே நூற்றைம்பது ராத்தல்
இன்னும் இறங்காதது போல.